ஓசியில் வந்த மூணு புத்தகம்

போன வாரம் திருத்தணியிலிருந்து சித்தப்பா பொண்ணு போன் பண்ணினாள். பிளஸ் டூ முடிச்சிருக்கா. பயோ இன்ஜினியரிங் படிக்கணும்னு ஆசை. கவுன்சலிங்ல எந்த காலேஜை முதல்ல போடறது, பயோடெக் எடுக்கறதா பயோமெடிக்கல் எடுக்கறதான்னு கேட்டாள். ஃபைனல் இயர் பயோடெக் படிக்கிற அண்ணன் ஆச்சே, டக்குனு பதில் சொல்வேன்னு நினைச்சிருப்பா. எனக்கு ஒண்ணும் வரலை. ஏன்னா நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் எப்படி சாய்ஸ் ஃபில் பண்ணினேன்னு எனக்குத் தெரியும். போன வருஷ கட்-ஆஃப் லிஸ்டை எடுத்து, மேலிருந்து கீழே வரிசையா போட்டேன். அவ்வளவுதான். பயோடெக்ல ஹீட் டிரான்ஸ்ஃபரும் கணக்கும் இவ்வளவு இருக்கும்னே தெரியாது.

அவளுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சப்போ, எங்க ஊர்ல பிறந்த இன்னொரு பையன் ஞாபகம் வந்தார். அவரும் டிகிரிக்கு எந்தப் பாடம் எடுப்பது என்று முழித்தவர்தான். அவர் முன்னால் இருந்த பட்டியலில் உயிரியலும் இருந்தது. அவர் யார்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். செப்டம்பர் 5 வந்தா நாம டீச்சருக்குப் பேனா வாங்கிக் கொடுப்போமே, அவர்தான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

ஸ்கூல்ல அவரைப் பத்தி நாம எழுதின கட்டுரை எல்லாம் பிறந்தார், படித்தார், குடியரசுத் தலைவர் ஆனார்னு மூணு தாவுல முடிஞ்சிடும். நடுவுல இருக்கிற கதைதான் நமக்கு வேணும்.

1888 செப்டம்பர் 5. திருத்தணி. முருகன் மலை, 365 படி, அடிவாரத்தில் சின்ன ஊர். வீட்டில் பேசியது தெலுங்கு. அப்பா வீராசாமி, உள்ளூர் ஜமீனில் வருவாய்ப் பிரிவில் சின்ன உத்தியோகம் பார்த்தவர். அம்மா சீதம்மா. வசதியான குடும்பம் இல்லை. அப்போ தமிழ்நாடு, ஆந்திரா என்ற பிரிவே கிடையாது. எல்லாம் மதராஸ் மாகாணம். பிற்பாடு திருத்தணி ஆந்திராவில் சேர்ந்து, ம.பொ.சி. முதலானோர் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. இப்பவும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பாஷையும் சமமா காதுல விழும்.

திருத்தணியில் ஆரம்பப் படிப்பு. 1896-ல் திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளி. 1900-ல் வேலூர், ஊரீசு கல்லூரி. படிப்புக்கு உதவித்தொகை கிடைத்துக்கொண்டே இருந்தது. அது இல்லாவிட்டால் அடுத்த படி ஏறியிருக்க முடியாது. 1903-ல் சிவகாமுவுடன் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் காலம் அப்படி.

அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தாம்பரத்தில் மரமும் மானுமா இருக்கிற கேம்பஸைக் கற்பனை பண்ணாதீங்க. கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-ல். இவர் சேர்ந்தபோது அது ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது.

இங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்குது. பி.ஏ.வுக்கு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். கணக்கு, இயற்பியல், உயிரியல், தத்துவம், வரலாறு, இதில் ஒன்று. பையனுக்குப் பதினேழு வயசு. முடிவு பண்ண முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, அந்த வருஷம் பட்டம் முடித்த உறவுக்காரர் ஒருவர், தான் படித்து முடித்த பாடப் புத்தகங்களை இவரிடம் கொடுத்தார். வெல்டன் எழுதிய தர்க்கம், ஸ்டவுட் எழுதிய உளவியல், மெக்கன்சி எழுதிய ஒழுக்கவியல். மூன்றும் தத்துவப் பாடத்துக்கான புத்தகங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதனால் தத்துவம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த உறவுக்காரர் கணக்குப் படிச்சிருந்தா? உயிரியல் படிச்சிருந்தா? பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் இந்தியத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஒருவரின் பிரான்ச், ஓசியில் கிடைச்ச புத்தகத்தால முடிவாச்சு. இதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தான் தத்துவத்துக்கு வந்தது ஒரு தற்செயல் என்று ஒப்புக்கொண்டவர், எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்தால் அதில் ஏதோ ஒரு கை வழிநடத்தியது போலத் தோன்றுகிறது என்றும் சொன்னார். அந்த ரெண்டாவது பாதியை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

இதைப் படிச்சதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வரலாம். அப்போ எதை எடுத்தாலும் ஒண்ணுதான், எல்லாம் விதின்னு. நானும் முதல்ல அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா அடுத்த நாலு வருஷத்தைப் பார்த்தா அது தப்புன்னு தெரியும்.

கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் ஸ்காட்லாந்து மிஷனரிகள். வில்லியம் ஸ்கின்னர், ஏ.ஜி. ஹாக் போன்றவர்கள். மேற்கத்தியத் தத்துவத்தை நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே, இந்து மதத்தை விமர்சனமும் செய்தார்கள். உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் நன்மை தீமைக்கு என்ன இடம் இருக்க முடியும் என்பது அவர்கள் எழுப்பிய முக்கியமான கேள்வி. திருத்தணியிலும் திருப்பதியிலும் வளர்ந்த பையனுக்கு அது வலித்தது. சண்டை போடவில்லை. கிளாஸை கட் அடிக்கவில்லை. அவர்கள் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காக மூல நூல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்.

எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுத வேண்டி வந்தபோது, அந்தக் கேள்வியையே தலைப்பாக எடுத்தார். வேதாந்தத்தின் ஒழுக்கவியலும் அதன் தத்துவ அடிப்படைகளும். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் உண்டு என்று வாதாடும் ஆய்வுரை. திருத்தப் போவது யார்? அதே ஹாக். ஆசிரியருக்குக் கோபம் வருமோ என்று மாணவருக்குப் பயம். ஹாக் அதை மனதாரப் பாராட்டினார். 1908-ல் அது புத்தகமாகவே வந்தது. அப்போது எழுதியவருக்கு வயது இருபது. என்னைவிட ஒரு வயசு சின்னவர்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. புத்தகம் ஓசியில வந்தது அதிர்ஷ்டம். தன்னோட கருத்தை எதிர்த்து எழுதின மாணவனைப் பாராட்டுற ஆசிரியர் இருந்த காலேஜ்ல அவர் சேர்ந்திருந்தது அந்தக் கல்லூரியோட தரம். வலிச்ச இடத்தை விடாம தோண்டினது அவரோட உழைப்பு. மூணும் வேற வேற.

1909-ல் மாநிலக் கல்லூரியில் வேலை. கடற்கரைக்கு எதிரே இருக்கும் அதே கட்டடம். அரசு விதிப்படி சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சிக்கும் போனார். இடையில் ராஜமுந்திரிக்கு மாற்றல். 1918-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. மூன்று வருஷம் கழித்து அங்கிருந்து கிளம்பியபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்காரம் செய்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது பிரபலமான கதை.

1921-ல் கல்கத்தா. அங்கே துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி, நாடு முழுக்கத் திறமைசாலிகளைத் தேடிப் பிடிப்பதில் கில்லாடி. கணக்குத் துறை அரசு வேலையில் இருந்த சி.வி. ராமனை 1917-ல் இயற்பியல் பேராசிரியர் ஆக்கியவர் அவர்தான். தத்துவத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் இருந்த இருக்கைக்கு, முப்பத்து மூன்று வயதுகூட ஆகாத ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டார். ராமன், ராதாகிருஷ்ணன் இருவருமே 1888-ல் பிறந்தவர்கள். 1954-ல் பாரத ரத்னா முதல்முதலாகக் கொடுக்கப்பட்டபோது ராஜாஜியோடு சேர்த்து இந்த இருவருக்கும்தான் கிடைத்தது.

அங்கிருந்து அவர் பெயர் வெளிநாடு போனது. 1926-ல் ஹார்வர்டில் நடந்த தத்துவ மாநாடு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே கீழைத்தேயச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர்.

ஒரு கறையையும் சொல்லிடறேன், இல்லைன்னா இது நம்ம ஸ்கூல் கட்டுரை மாதிரி ஆயிடும். 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்ற வங்காள ஆய்வாளர், தன் ஆய்வேட்டில் இருந்த பகுதிகளை ராதாகிருஷ்ணன் தன் இந்தியத் தத்துவ நூலின் இரண்டாம் பாகத்தில் எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டினார். ராதாகிருஷ்ணன் மறுத்தார். இருவரும் மாறி மாறி வழக்குப் போட்டார்கள். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. தீர்ப்பு எதுவும் வரவில்லை. பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பிளேஜியரிசம் சாஃப்ட்வேரில் போட்டுக்கொண்டு பயப்படும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரிய மனுஷங்க வாழ்க்கையும் நேர்கோடு இல்லை.

இனிமேதான் நமக்கு ரொம்ப முக்கியமான பகுதி. காலேஜைத் தேர்ந்தெடுக்கிற பக்கத்துல இருந்தவர், காலேஜை உருவாக்குற பக்கத்துக்குப் போறார்.

1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயசு ஐந்துதான். இன்றைக்கு மாதிரி விளம்பரப் பலகை வைத்துப் பெயர் வாங்க முடியாது. அவர் செய்தது, அசுதோஷ் முகர்ஜி செய்த அதே வேலை. ஆட்களைத் தேடினார். இயற்பியலுக்கு ராமனின் மாணவர் சூரி பகவந்தம். வேதியியலுக்கு டி.ஆர். சேஷாத்ரி. தாவரங்களில் இருக்கும் நிறப்பொருள்களின் வேதியியலில் பின்னாளில் உலகப் பெயர் வாங்கியவர் இவர், நம்ம பயோ ஆளுங்களுக்குச் சொந்தக்காரர். வங்காளத்திலிருந்து ஹுமாயூன் கபீர், ஹிரேன் முகர்ஜி என்ற இளைஞர்கள். அரசியல் கொள்கையில் ஹிரேன் முகர்ஜி கம்யூனிஸ்ட். ராதாகிருஷ்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. விசாகப்பட்டினத்துக் கடலோரத்தில் ஒரு புதுப் பல்கலைக்கழகம் ஐந்தே வருஷத்தில் கவனிக்கப்படும் இடமாக மாறியது.

1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகம். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது, மாணவர்கள் தீவிரமாக இறங்கியதால் அந்த வளாகத்தையே போர்க்கால மருத்துவமனை ஆக்கிவிட அரசாங்கம் நினைத்தது. துணைவேந்தர் டெல்லி வரை போய்ப் பேசி அதைத் தடுத்தார்.

சுதந்திரம் வந்தது. 1948 நவம்பரில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ராதாகிருஷ்ணன். உறுப்பினர் பட்டியலைப் பாருங்க. இயற்பியலாளர் மேக்நாத் சாகா. ஜாகிர் உசேன். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மகப்பேறு மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அமெரிக்காவிலிருந்து ஆர்தர் மார்கன். இவர் ஒரு சிவில் இன்ஜினியர், டென்னசி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தின் முதல் தலைவர். ஆண்டியாக் என்ற கல்லூரியில், கொஞ்ச நாள் படிப்பு, கொஞ்ச நாள் வேலை என்று மாற்றி மாற்றிப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தவர். நம்ம இன்டர்ன்ஷிப்புக்குத் தாத்தான்னு வைச்சுக்கலாம்.

1949-ல் வந்த அறிக்கை, காலேஜ் தேடுகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய அறிக்கை. சிலதை மட்டும் சொல்றேன். பரீட்சை நாட்களைச் சேர்க்காமல் வருஷத்துக்குக் குறைந்தது 180 நாள் பாடம் நடக்க வேண்டும். இணைப்புக் கல்லூரி ஒன்றில் 1500 மாணவர்களுக்கு மேல் கூடாது. எந்தப் பாடத்துக்கும் இதுதான் பாடப்புத்தகம் என்று ஒன்றை நிர்ணயிக்கக் கூடாது. லெக்சர் மட்டும் போதாது, சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் வகுப்பும் நூலக வேலையும் வேண்டும். மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு, வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குப் போக வேண்டும். விஞ்ஞானம் படிப்பவர்களுக்கும் இலக்கியம், சமூகம் பற்றிய பொதுக்கல்வி வேண்டும். இன்டர்னல் மார்க்கைத் திட்டுறவங்க கவனிக்க: இந்த யோசனை எதற்காகச் சொல்லப்பட்டது என்றால், ஒரே ஒரு மூணு மணி நேரப் பரீட்சை ஒருத்தர் தலையெழுத்தை முடிவு பண்ணக்கூடாது என்பதற்காக. யு.ஜி.சி. அமைய வழி போட்டதும் இந்த அறிக்கைதான்.

பாடப்புத்தகம் நிர்ணயிக்கக் கூடாது என்று சொன்ன குழுவுக்குத் தலைவர், மூணு பாடப்புத்தகத்தால் பிரான்ச் முடிவான மனிதர். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இந்தக் குழுவில் இருந்த லட்சுமணசாமி முதலியார் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஆள் தேடினார். ராமனைக் கேட்டார். ராமன், தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்து, ராமன் பேச்சால் இயற்பியலுக்கு மாறியவர் இவர். சென்னைக்கு வந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் மூன்று இழை அமைப்பை 1954-ல் வெளியிட்டார். 1963-ல் வந்தது, நாம ரெண்டாவது வருஷத்துல வரைஞ்சு வரைஞ்சு கை வலிச்ச ராமச்சந்திரன் பிளாட். அதாவது, பயோ இன்ஜினியரிங் என்ற பெயர் இங்கே பரவுவதற்கு முன்னாலேயே, ஒரு துணைவேந்தர் சரியான ஆளைத் தேடிப் பிடித்ததால் அந்த வேலை சென்னையில் நடந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். 1949 முதல் 1952 வரை சோவியத் யூனியனில் தூதர். 1952-ல் துணைக் குடியரசுத் தலைவர். 1956-ல் சிவகாமு காலமானார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். பதவி முடிந்ததும் சென்னை மைலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ல் மறைந்தார்.

இப்போ தங்கச்சிக்கு என்ன சொன்னேன்னு சொல்றேன். உங்களுக்கும் உதவலாம்.

முதல்ல, பெயரைப் பார்த்து முடிவு பண்ணாதே. பயோடெக்னாலஜின்னா செல், என்ஸைம், ஃபெர்மென்டர். பயோமெடிக்கல்னா இ.சி.ஜி., ஸ்கேன், சென்சார், சர்க்யூட். ரெண்டு சிலபஸையும் டவுன்லோட் பண்ணி மூணாவது செமஸ்டரை மட்டும் படிச்சுப் பார். எந்தப் பாடத்தோட பெயர் உன்னை இன்னொரு வரி படிக்க வைக்குதுன்னு பார். ராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. உனக்கு எல்லாப் புத்தகமும் போனுக்கு வரும். அவருக்கு இல்லாத வசதி இது.

ரெண்டாவது, கட்டடத்தைப் பார்க்காதே, ஆளைப் பார். டிபார்ட்மென்ட் பக்கத்துல போய் ஆசிரியர்கள் என்ன வேலை பண்றாங்கன்னு பார். அங்கே படிக்கிற சீனியர் ரெண்டு பேரைப் பிடி. லேப்ல மெஷினை நீங்களே தொடுறீங்களா, இல்லை சுத்தி நின்னு பார்க்கிறீங்களான்னு கேள். கிளாஸ்ல எதிர்த்துக் கேள்வி கேட்டா என்ன நடக்கும்னு கேள். அதுக்கு வர்ற பதில்ல எல்லாம் தெரிஞ்சிடும். ஹாக் மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்.

மூணாவது, காசு. இதைச் சொல்லக் கஷ்டமா இருந்தது. சித்தப்பாவுக்கு மலைக்குப் போற வழியில பூஜை சாமான் கடை. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும் நல்லா ஓடும், மத்த மாசம் சுமார். லட்சக்கணக்குல லோன் போட்டு ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல சேர்க்கலாம்னு வீட்டுல ஒரு பேச்சு ஓடுது. உதவித்தொகையில படிச்சதை ராதாகிருஷ்ணன் யாருகிட்டயும் குறைவா நினைச்சதில்லைன்னு சொன்னேன். கவர்ன்மென்ட் காலேஜ்ல கிடைக்கிற சீட்டை முதல்ல போடு, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை இருக்கு, அதை விடாதே. கடன் இல்லாம வெளியே வந்தா, நாலு வருஷம் கழிச்சு மேல படிக்கிறதா வேலைக்குப் போறதான்னு நீயே முடிவு பண்ணலாம். கடன் இருந்தா பேங்க்தான் முடிவு பண்ணும்.

நான்? ரெண்டாவது வருஷத்துல பிரான்ச் மாத்திக்கலாமான்னு அலைஞ்சவன். மூணாவது வருஷம் ஒரு மேடம் லேப்ல என்னை ஃபெர்மென்டர் முன்னாடி நிறுத்தி, ரீடிங் ஏன் தப்பா வருதுன்னு நீயே கண்டுபிடின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஆக்ஸிஜன் புரோப்ல மெம்பிரேன் கிழிஞ்சிருந்தது. அன்னைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடிச்சது. கட்-ஆஃப் லிஸ்டைப் பார்த்துப் போட்ட சாய்ஸ் அது. தற்செயல்தான். ஆனா அந்த ரெண்டு மணி நேரம் தற்செயல் இல்லை.

தங்கச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, மூணாவது செமஸ்டர் சிலபஸை அனுப்பச் சொன்னா. ரெண்டையும் அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கேள்வி வந்தது, என்ஸைம் வேகம் சூட்டுல ஏன் முதல்ல ஏறி அப்புறம் விழுதுன்னு. எந்த காலேஜ் போடப் போறாள்னு இன்னும் சொல்லலை. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். என் செகண்ட் இயர் புத்தகங்களைக் கட்டி வைச்சிருக்கேன், கொண்டு போய்க் கொடுக்கணும். ஓசிதான்.